அறுபத்து நான்கு காடைகளுக்கான உரை

1
இந்தக் கதை என் மேசைக்குத் தட்டச்சு வேலையாக வந்தது. தென் கொரியாவில் ஒரு மலையோரப் பல்கலைக்கழகத்தின் கால்நடை அறிவியல் துறையில் நான் எழுத்தர். ஆண்டுதோறும் அக்டோபரில், ஆய்வுகளில் இறந்த விலங்குகளின் நினைவுக்கல் முன் வெள்ளைச் சாமந்தி வைத்து ஒரு மாணவர் உரை வாசிப்பார். பழைய உரையில் விலங்கின் பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் மாற்றித் தட்டச்சு செய்து தருவேன். ‘உங்கள் சாவு வீண்போகவில்லை’ என்ற வரியில் கை வைத்ததில்லை.

இம்முறை வாசிக்க வேண்டியவள் சோல்பி, மூன்றாம் ஆண்டு மாணவி, ஆய்வுக் காடைகளுக்குத் தீவனம் வைத்தவள். “அக்கா, அந்த வரிய எடுத்துடுங்களேன்” என்றாள். ஏன் என்றும் சொன்னாள். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

2
அதைக் கதையாக எழுதப் பார்த்தேன். முதல் தொடக்கம்: சோல்பி காடைகளை மிகவும் நேசித்— (வேண்டாம். நேசித்தாளா, தெரியாது. கூண்டை ஒழுங்காகக் கழுவினாள், அது தெரியும்.)

இரண்டாவது: பாதிக் காடைகளுக்குப் பழைய தீவனம், மீதிக்குப் புதியது, எதில் ஈரல் எடை கூடுகிறது என்று பார்க்க. பழையது ஒரு வாளியில், புதியது இன்னொன்றில். பெயர்ச்சீட்டு மூடியில். யாரும் சொல்லாமலே இரண்டு மூடிகளையும் தேய்த்துக் கழுவி, மாற்றி மூடிவிட்டாள்.* கடைசி ஒன்பது நாளும் தீவனம் மாறிப்போனது. அறுபத்து நான்கையும் கொன்று, ஈரலை எடைபோட்ட பிறகு, காலி வாளியின் அடியில் ஒட்டியிருந்த தூள் மூடிச்சீட்டுக்கு மாறாக இருந்ததைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

* கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

3
ஆய்வு கிபோமுடையது. முதுகலை மாணவர், பட்டம் இரண்டு முறை தள்ளிப்போனவர். வில்லனாக்கப் பார்த்தேன், வரவில்லை.

“சீனியர், மூடிய நான்தான் மாத்திப் போட்டுட்டேன். எடையெல்லாம் தப்பு.”

“ஊர்ல எவளாவது வாளி மூடியத் தேய்ப்பாளா? நீ ஒருத்திதான்!” பிறகு குரல் இறங்கியது. “பேராசிரியர்கிட்ட சொல்லு. நான் தடுக்கல. ஆனா மறுபடி மொதல்லேர்ந்துதான். இன்னொரு அறுபத்து நாலு வாங்குவாரு. கழுத்த நீதான் பிடிக்கணும்.”

“வேற வழியே இல்லையா?”

“வாய மூடிக்கிட்டு அந்த வரிய வாசி. போன வருஷம் நான் மட்டும் நம்பியா வாசிச்சேன்?”

4
முடிவு ஒன்று: கல் முன்னால் உண்மையைச் சொல்கிறாள். எல்லோரும் பாராட்டுகிறார்கள். செவ்வாய்க்கிழமை அறுபத்து நான்கு குஞ்சுகள் வந்து இறங்குகின்றன.

முடிவு இரண்டு: வாசிக்கிறாள். தப்பான எடைகள் அச்சாகின்றன, அவற்றை நம்பிப் பண்ணைக்காரர்கள்— (இந்த வரியை அடித்துவிட்டேன்.)

மூன்றாவது முடிவை ஒரு வாரமாகத் தேடுகிறேன். இல்லை.

5
கல் முன்னால் சோல்பி தாளோடு நிற்கிறாள். அந்த வரியை நான் எடுக்கவில்லை. எடுத்தால் பேராசிரியர் கேட்பாரே என்ற பயம். அந்த வரிக்கு முன்புவரை வாசித்துவிட்டு நிறுத்தி, கடைசி வரிசையிலிருக்கும் என்னைப் பார்க்கிறாள்.

எழுதுகிறவள் நான்தான். இருந்தும் குனிந்துகொண்டேன். உங்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் நீங்களாவது அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்.