உன் வாசனை எனக்கு ஆகலை

கிராஸ் ஊரில் ஒருவரைப் பிடிக்காவிட்டால் 'பிடிக்கவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. 'அவன் வாசனை எனக்கு ஆகாது' என்பார்கள். பூவைக் காய்ச்சி வாசனைத் தைலம் எடுத்துப் பிழைக்கிற ஊர், கோபம்கூட மூக்கு வழியாகத்தான் வரும். மாமியார் வாசனை மருமகளுக்கு ஆகாது, மேயர் வாசனை யாருக்குமே ஆகாது. முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டால் மட்டும் அதற்கு அப்பீல் கிடையாது. கேட்டவர் சொன்னவர் வீட்டு வாசலை அப்புறம் மிதிக்க மாட்டார்.

சொலான்ஜும் அவள் அக்கா ஒடிலும் சின்ன வயதிலிருந்தே எலியும் பூனையும்தான். அம்மா விட்டுப்போன தையல் மெஷினுக்காக ஒரு வருஷம் பேசாமல் இருந்தார்கள்; இரண்டு பேருக்குமே தைக்கத் தெரியாது. ஆனாலும் அந்த வார்த்தையை மட்டும் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி சொன்னதில்லை.

சொலான்ஜுக்கு வாசனை தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே ஒடில்தான். கல்யாணம் நிச்சயமான வாரம் தங்கையை சென்ட் கடைக்கு இழுத்துப் போனாள். சொலான்ஜ் கடைக்காரர் சென்ட் அடித்துக் கொடுத்த காகிதத் துண்டை மோந்து பார்த்து, "இதுவே போதும்" என்றாள்.

"கல்யாணம் உனக்கா, காகிதத்துக்கா? கையை நீட்டு."

மணிக்கட்டில் அடித்துவிட்டுத் தங்கையைச் சதுக்கமெல்லாம் நடக்க வைத்தாள், காப்பி குடிக்க வைத்தாள். "அதுக்குள்ள மோந்து பாக்காதடி. முதல்ல வர்றது வெறும் வாய்ச்சவடால். அது அடங்கினப்புறம் உன் தோல் என்ன சொல்லுதுன்னு பாப்போம்." ஒன்று தோலில் புளித்துப்போனது, ஒன்று சோப்பு மாதிரி நாறியது. சாயங்காலம் கடைசியாக ஒன்றை மோந்தவள் சிரித்துவிட்டாள். ஆரஞ்சுப்பூ, அடியில் லேசாகத் தேன். "இதான் நீ. இனிமே கண்ணைக் கட்டிவிட்டாக்கூட உன்னைக் கண்டுபிடிச்சிடுவேன், கழுதை."

அதற்கப்புறம் சொலான்ஜ் வேறு சீசாவைத் தொட்டதில்லை. புருஷன் விட்டுப் போனான், தலை நரைத்தது, வாசனை மட்டும் மாறவில்லை. அதைப் பூசிக்கொண்டால்தான் அவளுக்குத் தான் தானாக இருப்பதுபோல இருக்கும்.

ஒடிலுக்குப் புற்றுநோய் என்று தெரிந்து, முதல் மருந்து ஏற்றியதும் சொலான்ஜ் பார்க்கப் போனாள். நல்ல உடுப்பாக உடுத்தி, கழுத்தில் கொஞ்சம் தாராளமாகவே அடித்துக்கொண்டு போனாள். முத்தமிடக் குனிந்தபோது ஒடில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போடி. உன் வாசனை எனக்கு ஆகலை."

"என்ன சொன்ன?"

"போயிடு சொலான்ஜ். உனக்குப் புண்ணியமாப் போகும்."

சொலான்ஜ் கொண்டுவந்த எலுமிச்சைக் கேக்கை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். தெருமுனை வரைக்கும் அழுகையை அடக்கினாள், அதற்குமேல் முடியவில்லை. சாகப்போகிறவள் பொய் சொல்ல மாட்டாள், இத்தனை நாளும் மனசில் இருந்தது இதுதான் போல என்று நினைத்துக்கொண்டாள். வீம்புக்கு அந்தக் குடும்பத்தில் பஞ்சமே இல்லை. கோடை முழுக்க அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மல்லிகைப் பறிப்பு முடிகிற சமயம், சந்தையில் ஒடிலின் புருஷன் ஃபப்ரீஸ் எதிர்ப்பட்டான். அவனிடம் வியர்வை வாடை அடித்தது.

"என்ன ஃபப்ரீஸ், உங்க வீட்ல சோப்பைத் தடை பண்ணிட்டாங்களா?" என்றாள், வேண்டுமென்றே.

"ஆமா." அவன் சிரிக்கவில்லை. "மருந்து ஏறினதுலேருந்து சோப்பு, காப்பி, பூ எது பட்டாலும் வாந்திதான் அவளுக்கு. அவளோட சீசா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன். எந்த வாசனையும் ஆகலை. அது இருக்கட்டும், நீ ஏன் எட்டிப்பாக்கறதே இல்ல? தினமும் கேக்கறா. இனி ரொம்ப நாள் தாங்காது."

ஒடில் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். இவள்தான் அதை ஊர் வழக்கில் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

சொலான்ஜ் வீட்டுக்கு ஓடினாள். வெந்நீரும் உப்பும் போட்டுக் கழுத்தையும் கையையும் சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள். எத்தனையோ வருஷத்தில் முதல்முறையாக ஒரு வாசனையும் இல்லாமல் தெருவில் இறங்கி நடந்தாள்.

ஒடில் கண்ணை மூடிக்கிடந்தாள், வலி மருந்தின் மயக்கம். சொலான்ஜ் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். அழுது கம்மிய குரல் வேறு யாருடையதோ போல வந்தது.

"ஒடில், நான்தான். சொலான்ஜ்."

ஒடில் அந்தக் கையை மூக்குக்குக் கொண்டுபோனாள். உடனே விட்டுவிடவில்லை. அன்றைக்குக் கடையில் காத்திருந்தது போலவே பொறுமையாகக் காத்திருந்து, மறுபடி மோந்து பார்த்தாள்.

"இல்ல. சும்மா என்னைச் சமாதானப்படுத்தறீங்க. நீங்க புது நர்ஸா?"

"நான்தான் ஒடில். கழுவிட்டு வந்திருக்கேன்."

"என் தங்கச்சியை எனக்குத் தெரியாதா?" ஒடில் கையை விட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். "அவ வந்தா ஒண்ணு சொல்லுங்க. அவளைச் சொல்லலை, மருந்துதான் அப்படிப் பண்ணிச்சுன்னு சொல்லுங்க. அவ வாசனை எனக்கு எப்பவுமே பிடிக்கும்னு சொல்லுங்க. மறந்துட மாட்டீங்களே?"

சொலான்ஜ் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் போர்வையை அக்காவின் தோள்வரை இழுத்துவிட்டாள்.

"மறக்க மாட்டேன், மதாம்" என்றாள். "அவங்க வந்ததும் சொல்லிடறேன்."