தொட்டி திருப்பித் தராது

விளையாட்டு டீச்சருக்கு ஒரு விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. குழந்தைகள் நன்றாகத்தான் வீசுகிறார்கள். வீசும் கைக்கு எதிர்க்கால் முன்னால் வருகிறது, கை தொடையை உரசிப் பின்னால் போய், தாழ்வாகவே முன்னால் வருகிறது. எல்லாம் சொல்லிக்கொடுத்தபடிதான். ஆனால் மணல் அடைத்து முடிச்சுப் போட்ட பழைய காலுறை மூட்டை மட்டும் சிவப்புத் தொட்டிக்குள் விழுவேனா என்று அடம்பிடித்தது.

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை வந்து பார்க்கப்போகிறார். மழலை வகுப்புக்கு எதற்கு விளையாட்டு நேரம், அதில் இன்னும் கொஞ்சம் எழுத வைக்கலாமே என்பது அவர் கட்சி. பிள்ளைகள் எதையாவது கற்றிருந்தால் விட்டுவைப்பாராம், இல்லையென்றால் அந்த நேரம் எழுத்துக்குப் போய்விடும்.

முதலில் தரையைச் சந்தேகப்பட்டார். பாவம், தரை ஒரு பாவமும் அறியாதது. மணலைக் குறைத்துப் பார்த்தார். தொட்டியைப் பிள்ளைகளுக்கு அருகில் இழுத்து வைத்தார். மூட்டைகள் அதைத் தாண்டி வந்து அவர் முழங்காலைத்தான் தட்டின. வியாழக்கிழமை, வெயில் கண்ணில் அடிக்கிறதே என்று ஜன்னல் திரையை இழுக்கப் போனார். மூட்டைகளும் ஜன்னல் பக்கம் பறந்து வந்தன.

டீச்சர் திரையைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். பிறகு, பார்ப்போமே என்று கதவோரம் போய் நின்றார். மூட்டைகள் கதவோரம் வந்தன. அலமாரிக்குப் பக்கத்தில் நின்றார். அங்கும் வந்தன, அதுவும் குறி தப்பாமல்.

காதருகே ஓயாமல் ரீங்காரமிட்டு ‘கொசு’ என்று பெயர் வாங்கிய சிறுமியைக் கூப்பிட்டார். தொட்டியில் போடத்தானே சொன்னேன், ஏன் என் மேல் போடுகிறீர்கள் என்று கேட்டார்.

“தொட்டில போட்டா அங்கேயே கெடக்கும் மிஸ். தொட்டி திருப்பித் தராதுல்ல? நீங்கதான தருவீங்க.”

முதல் நாளிலிருந்தே டீச்சர் தொட்டிக்குப் பின்னால் நின்று, விழுந்த மூட்டைகளைப் பொறுக்கி அவரவர் கைக்கு வீசிக்கொண்டிருந்தார். அவருக்கு அது எடுபிடி வேலை. பிள்ளைகளுக்கோ அதுதான் விளையாட்டே. டீச்சருக்குச் சிரிப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை அவர் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூட்டைகள் தொப் தொப்பென்று உள்ளே விழுந்தன, உடனுக்குடன் திரும்பியும் போயின. வாசலில் கைகட்டி நின்ற தலைமை ஆசிரியையின் முகம் மட்டும் இளகவில்லை.

“நீங்க தொட்டிய ஆட்டி ஆட்டிப் பிடிச்சா யார் வேணா போடலாமே” என்றார்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. எழுந்து தொட்டியை நீட்டினார். “அப்ப நீங்க பிடிங்க மேடம். ஆட்டாமப் பிடிங்க.”

மறுக்க வழியில்லாமல் தலைமை ஆசிரியை வாங்கிக்கொண்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் ‘பெரிய மிஸ்’. அவரைக் கண்டாலே வரிசை நேராகிவிடும். கொசு மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பெரிய மிஸ் திருப்பித் தருவாங்களா?” என்று டீச்சரிடம் கேட்டாள்.

டீச்சருக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “தெரியலையேம்மா. போட்டுப் பாரு.”

கொசு காலை முன்னால் வைத்தாள். கை பின்னால் போய் வந்தது. மூட்டை தொட்டிக்குள் விழுந்தது. தொட்டி அசையவே இல்லை.

தலைமை ஆசிரியை உள்ளே எட்டிப் பார்த்தார். வகுப்பு முழுக்க அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தொட்டியைக் கீழே வைத்தார், மூட்டையை எடுத்தார், கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரே போடாகப் போட்டார். அது கொசுவின் தலையைத் தாண்டி, பின்சுவரில் மோதி விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. கொசு ஓடிப்போய் மூட்டையை எடுத்து வந்து, அவர் கையிலேயே திரும்பவும் வைத்தாள்.

“மேலேருந்து இல்ல மிஸ், கீழேருந்து. மொதல்ல இந்தக் கால முன்னாடி வைங்க.”

பெரிய மிஸ் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, கொசு தொட்டுக் காட்டிய காலை முன்னால் வைத்தார்.