மாப்பிள்ளையின் பூட்டு

தங்கை புருஷனைக் கொன்றுவிடுவது என்று ஆபரேட்டர் முடிவு செய்தபோது, அவன் பூஞ்சை பிடித்த குதிரைச் சேணம் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, சீட்டியடித்தபடி கேஸ் அறைக்குள் நுழைந்துகொண்டிருந்தான்.

அந்த அருங்காட்சியகத்தில் அவனுக்குச் சிரிச்சமூஞ்சி என்று பெயர். டைரக்டரிலிருந்து தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். பிடிக்காமல் என்ன, அவர்கள் யாரும் அவனோடு குடித்தனம் நடத்தவில்லையே. அவனை மாப்பிள்ளையாகத் தேடிப் பிடித்ததும், கையோடு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் சாட்சாத் ஆபரேட்டர்தான். அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது.

மழையில் ஆயுதக் கிடங்கின் கூரை ஒழுகி, கேடயம், சேணம், வாளுறை என்று தோலால் ஆன பழம்பொருள் அத்தனையிலும் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை படர்ந்துவிட்டது. எதில் உயிருள்ள பூஞ்சை இருக்கிறது என்று பஞ்சுக் குச்சியால் ஒற்றி, கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்துச் சொல்வது தங்கையின் வேலை. அவள் சொன்னதைக் கொண்டுபோய் அறைக்குள் அடுக்குவது அவள் புருஷனின் வேலை. இரும்புக் கதவை மூடி, உள்ளேயிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு விஷ வாயுவைத் திறந்துவிடுவது ஆபரேட்டரின் வேலை. அந்த வாயு பூஞ்சை, மனுஷன் என்று பேதம் பார்க்காது.

அதனால்தான் பூட்டு. உள்ளே போகிற ஆள் தன் பூட்டைத் தாழ்ப்பாளில் மாட்டிப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். பூட்டு கிடக்கிறவரை தாழ்ப்பாள் விழாது. தாழ்ப்பாள் விழாமல் வாயு திறக்காது. சிரிச்சமூஞ்சிக்கு இதெல்லாம் சோம்பல். "அதான் நீ இருக்கியே மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். ஆபரேட்டரே அவன் பூட்டை எடுத்து மாட்டுவார். சாவி அதிலேயே தொங்கும்.

அன்று காலை தங்கை இடது கையில் மாவுக்கட்டோடு வேலைக்கு வந்தாள். குளியலறையில் வழுக்கிவிட்டதாம். நுண்ணோக்கிமேல் குனிந்தபோது அவள் கழுத்துத் துணி விலகியது. தொண்டையின் இரண்டு பக்கமும் விரல் விரலாகக் கன்றிப்போயிருந்தது.

"குளியலறைக்கு விரல் முளைச்சிருக்கா?" என்றார் ஆபரேட்டர்.

அவள் கண்ணாடித் தட்டை மூடி வைத்தாள். "பால் தீஞ்சுபோச்சுண்ணா. அதுக்குத்தான். கையை முறுக்கினப்ப கத்தினேன். கழுத்தைப் பிடிச்சப்ப கத்தவும் முடியல. அடுத்த தடவை நான் இருக்க மாட்டேன்."

மாடியிலிருந்து எப்படி இறங்கி வந்தார் என்று அவருக்கே தெரியாது. கேஸ் அறைக்குள் சேணத்தோடு போகிற முதுகு மட்டும் தெரிந்தது. அவன் பின்சுவர் வரை போகட்டும் என்று காத்திருந்தார். பிறகு கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இழுத்து அடித்தார்.

அது விழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அடித்தார். இரும்பு இரும்பில் மோதியது.

தாழ்ப்பாளில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டியது அவர் கையேதான். கொல்ல வந்த கை, காத்திருந்த நேரத்தில் பழக்க தோஷத்தில் அவனைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அந்தக் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது அவருக்கு. பூட்டைத் திறக்கச் சாவியைத் தொட்டார். அதற்குள் கதவு வெளியே பாய்ந்து வந்து அவர் மூக்கை உடைத்தது.

"நான் உள்ள இருக்கேன்னு தெரியும்ல மச்சான்?"

"தெரியும்."

சிரிச்சமூஞ்சி முதன்முறையாக வேலை இடத்தில் சிரிக்காமல் நின்றான். அப்புறம் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்தான். கேடயத்தைத் தூக்கி முகத்தில் அறைந்தான். அரசர் காலத்துத் தோல் பொடிந்து, பச்சைத் தூசு அறையெல்லாம் கிளம்பியது. ஆபரேட்டர் இருமிக்கொண்டே கையில் சிக்கிய சேணத்து இரும்பு வளையத்தை வீசினார். அவன் புருவம் பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. அது அவனுக்கு இன்னும் வெறியேற்றியது. அவர் விலா எலும்பில் மாறி மாறி மிதித்தான். கீழே விழுந்தவரின் மார்மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் தொண்டையை நெரித்தான்.

"உன்னை முடிச்சிட்டு மேல போறேன். உன்கிட்ட வந்து சொன்னாள்ல, அவளையும் முடிக்கிறேன்."

கட்டைவிரல்கள் எங்கே பதிகின்றன என்று ஆபரேட்டருக்குத் தெரிந்தது. காலையில் அதே இடத்தைத் தங்கையின் கழுத்தில் பார்த்திருந்தார். கத்த வாயைத் திறந்தார். அவள் சொன்னது சரிதான், சத்தம் வரவில்லை.

அப்போது கதவருகே சாவி திருகும் சத்தம் கேட்டது.

"அண்ணா, வெளிய வா."

அவரைத் தேடி மாடியிலிருந்து இறங்கி வந்த தங்கை நின்றிருந்தாள். மாவுக்கட்டுக் கை நெஞ்சோடு கிடக்க, வலது கையில் பூட்டு. தாழ்ப்பாள் வெறுமையாக இருந்தது. அந்த வெறுமைக்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். சிரிச்சமூஞ்சியின் பிடி தானாகத் தளர்ந்தது. ஆபரேட்டர் தவழ்ந்து வெளியே வந்து, ரத்தத்தோடு ஒரு பல்லையும் துப்பினார். எழுந்து கதவின்மேல் தன் பாரம் முழுக்கச் சாய்ந்தார். ஒரு சாண் இடைவெளிதான் மிச்சமிருந்தது.

"மூடிடலாம்" என்றார் அவர். "இவன் வெளிய வந்தா உன்னை விட மாட்டான். மூடிடலாம்மா."

"ஏய், விளையாடாத." உள்ளேயிருந்து வந்த குரல் உடைந்திருந்தது. "பூட்டை மாட்டு. மாட்டும்மா. நான் உன் புருஷன்."

"வீட்டுச் சாவியை வெளிய தள்ளு" என்றாள் அவள்.

"சாயந்தரம் வீட்டுல பேசிக்கலாமே."

அவள் கதவை இன்னும் இரண்டு விரற்கடை சாத்தினாள். உள்ளே அவசரமாகப் பையைத் துழாவும் சத்தம் கேட்டது. சாவி தரையில் சறுக்கி வந்து அவள் காலில் முட்டி நின்றது. குனிந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆபரேட்டரின் கை தாழ்ப்பாளுக்குப் போயிருந்தது. அவள் அதைப் பிடித்து விலக்கப் பார்த்தாள். அவர் விடவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவரால் முடியவில்லை, கையை எடுத்துவிட்டு அழுதார்.

அவள் பூட்டைத் தாழ்ப்பாளில் மாட்டி, அழுத்திப் பூட்டினாள். இனித் தாழ்ப்பாள் விழாது. சாவியை உருவி, இடைவெளி வழியாக உள்ளே எறிந்தாள்.

"இனிமே உனக்கு இந்தச் சாவி ஒண்ணுதான். மறக்காம பையில போட்டுக்க."

சிரிச்சமூஞ்சி பூஞ்சைத் தூசிக்குள் முழங்கால் போட்டு, இரண்டு கையாலும் தரையைத் தடவித் தேட ஆரம்பித்தான்.