பவுனம்மாளுக்கு அடைத்த கதவு

2023 ஆகஸ்டு 17, வியாழக்கிழமை மாலை, இறந்துபோன ஒரு பெண்ணை மேல்வேலம்பாக்கத்துச் சுடுகாட்டுப் பாதையில் கொண்டுசெல்ல விடாமல் எங்கள் குடியிருப்போர் சங்கம் இரும்புக் கதவைப் பூட்டியது, இதுவே என் குறை, சொல்லிவிட்டுக் கண்ணை மூடினால் சாமந்தி இதழ்கள் இமைக்குள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன, பறை ஒலிக்கிறது, அது வியாழக்கிழமைப் பறையா, நான் ஊராட்சிப் பள்ளியில் பாடம் நடத்திய காலத்துப் பறையா என்று பிரித்தறிய முடியவில்லை, அன்றும் இதே வண்டிப்பாதையில்தான் பாடை வரும், நான் பாடத்தை நிறுத்துவேன், பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள், பாடை கடந்ததும் உட்கார்ந்து விட்ட வரியிலிருந்து படிப்பார்கள், ஒருவரும் பயந்ததில்லை, பிறகு ஏரிக்கு அப்பால் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலைகள் வருகின்றன, அவற்றின் பின்னால் மென்பொருள் நிறுவனங்கள், அவற்றின் பின்னால் வீட்டுக் கடன், பாதையின் இருபுறமும் மனை வாங்கிய கட்டுமான நிறுவனம் பாதையையும் சேர்த்து வளைத்துச் சிவப்பு ஓடு பதித்துக் கதவு போடுகிறது, அந்தக் கதவுக்குள் மூன்றாம் மாடியில் என் மகன் வாங்கிய வீட்டில் நான் இருக்கிறேன்.

விடுதலை நாளன்று கொடியேற்றியபின் சங்கச் செயலாளர் ஸ்ரீவத்சன் ஒலிபெருக்கியில் எங்கள் நகரத்தின் பெருமையை வாசித்தார், மக்கள்தொகை இருமடங்கு, சதுர அடி விலை மும்மடங்கு, பன்னாட்டுப் பள்ளிகள், இதய மருத்துவமனை, வரப்போகும் மெட்ரோ, எல்லாச் சமூகத்தாரும் இணக்கமாக வாழும் நகரம் என்று முடித்தபோது, கடைசி வரிசையில் லட்டுத் தட்டோடு நின்ற பவுனம்மாளும் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள், எங்கள் வீடுகளில் பாத்திரம் துலக்கி, எங்கள் மாடிப்படிகளையும் சிவப்பு ஓடுகளையும் பெருக்குபவள், விடியலில் கழுத்தில் அடையாள அட்டையோடு வருவாள், காவலாளி கதவைத் திறப்பான், திரும்பும்போது அவள் பையைக் கவிழ்த்துப் பார்ப்பான், அவள் சிரித்துக்கொண்டே நிற்பாள்.

புதன் இரவு அவளுக்கு நெஞ்சுவலி வந்தது, அந்த இதய மருத்துவமனை அவளுக்கு எட்டாத இடம், விடியுமுன் இறந்துபோனாள், அன்று பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்ய வேண்டும் என்று அவள் மகன் காத்தவராயன் பாடைக்கு முன்னால் நடந்து வந்தான், கதவு பூட்டியிருந்தது, சாவி செயலாளரின் சட்டைப்பையில் இருந்தது, குழந்தைங்க பயந்துடும்ப்பா, பைபாஸ்ல சுத்திப் போங்க, வண்டி வாடகைய சங்கம் குடுத்துடும் என்றார் ஸ்ரீவத்சன், சார், எங்கம்மா தெனமும் இந்தக் கேட்டுலதான வந்துச்சு, இன்னிக்கி மட்டும் எதுக்கு சார் சுத்திக்கினு போவணும் என்று காத்தவராயன் கேட்டான், நான் கீழே இறங்கிப் போய்க் கதவைத் திறங்கள் என்றேன், நீங்க ஜெனரல் பாடியில பேசுங்க மாஸ்டர், டைல்ஸ் பூரா பூவாக் கொட்டும், யாரு பெருக்கறது என்றார், பறையடித்தவர்களில் மூத்தவர் குச்சியைத் தாழ்த்தி, பெருக்கறவங்கதான் படுத்துக்கினு கீறாங்களே சார் என்றார்.

பாதி வழியில் பாடையை இறக்கித் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றித் தூக்குவது இவ்வூர் முறை, கதவு நிற்கும் இடமே அந்த இடம், அவர்கள் முறைப்படி இறக்கி வைத்தார்கள், வாய்க்கரிசி போட்டார்கள், பொணத்த வச்சு மறியல் பண்றாங்க என்று ஸ்ரீவத்சன் காவல் நிலையத்துக்குத் தொலைபேசினார், ஐயா, அது மறியல் இல்லை, சடங்கு என்று நான் சொல்லியும் கேட்கவில்லை, ஜீப் வந்தது, இறங்கிய உதவி ஆய்வாளர், கேஸாயிடும், தூக்கிக்கினு கெளம்புங்கப்பா என்றார், தூக்கினார்கள், வந்த வழியே வீட்டுப் பக்கம் முகம் திருப்பக் கூடாத பாடை திரும்பியது, ஆறுவழிச் சாலையின் ஓரமாகத் தொழிற்சாலைப் பேருந்துகள் ஒலியெழுப்பிக்கொண்டே கடக்க நானும் பின்னால் நடந்தேன், நடந்துகொண்டே இருக்கிறேன், என் வகுப்புப் பிள்ளைகள் சாலையின் இருமருங்கிலும் எழுந்து நிற்கிறார்கள், பாடை கடந்த பின்னும் அவர்கள் உட்காரவில்லை, சுடுகாடு சேர்ந்தபோது இருட்டிவிட்டது, கைப்பேசி வெளிச்சத்தில் குழியில் இறக்கினார்கள்.

பால் தெளித்த மறுநாள் காத்தவராயன் மனைவி கன்னியம்மாள் மாமியாரின் வேலைக்கு வந்தாள், காவலாளி கதவை அகலத் திறந்தான், ஏம்மா, மூணு நாள் பாத்திரம் குவிஞ்சு கெடக்கு, நீயாவது நேரத்துக்கு வருவியா என்று மேலே இருந்து ஒரு குரல் கேட்டது, வரேம்மா என்றாள் அவள், இதைப் படிக்கும் உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒருத்தி நாளை வருவாள், உங்கள் நகரத்திலும் அப்படி ஒரு கதவு இருக்கும், அது அவர்களுடைய சாவுக்கும் திறக்கும் வரை, அவளுடைய கூலியில் ஒரு ரூபாயும் குறைக்காமல், உங்கள் எச்சில் தட்டை நீங்களே கழுவுங்கள்.