லின்சியின் இரண்டாவது பிரஷ்

ஒரு மனிதனுக்கு ஒரு முகம்தான், அதற்கு ஒரு ஷேவிங் பிரஷ் போதாதா என்று கேட்டேன். கேட்டது தப்பாகிவிட்டது. என் புருஷன் லின்சி, வாணலியில் இருந்த முட்டையை அப்படியே விட்டுவிட்டு, எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பாரு கோரல். பிரஷ் தினமும் நனையுது. முழுசா காயறதுக்குள்ள மறுநாள் திரும்ப நனையுது. இப்படியே போனா முடியெல்லாம் வேரோட அழுகிக் கொட்டிடும். ஒருநாள் வேலை, ஒருநாள் ஓய்வு. அதுக்குத்தான் ரெண்டாவது."

"நாப்பது வருஷமா நான் பாத்திரம் கழுவறேன். என் கை காயட்டும்னு ரெண்டாவது கோரல் ஒருத்தியைக் கொண்டாரப் போறியா?"

"பேச்சை மாத்தாத."

முட்டை கருகிப் போனது. அதை அவனையே தின்னவைத்தேன்.

முதல் பிரஷ் நான் வாங்கிக் கொடுத்தது. கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்கு டுவூம்பா டவுனில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினேன். பேட்ஜர் என்று சீமையில் வளை தோண்டி வாழ்கிற ஏதோ ஒரு விலங்கு இருக்கிறதாம், அதன் முடி. நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. இத்தனை வருஷம் அந்தப் பிரஷைப் பற்றி லின்சி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. அப்போதெல்லாம் அவனுக்குப் பன்றி வேட்டைதான் உலகம். எங்கள் ஊர் கூண்டிவிண்டிக்கு மேற்கே எவன் சோளக்காட்டில் காட்டுப்பன்றி புகுந்தாலும் லின்சிக்குத்தான் போன் வரும். போன வருஷம் முழங்கால் இரண்டும் மக்கர் செய்தன. வேட்டை நின்றது. முழங்கால் போனதும் முகத்தைப் பிடித்துக்கொண்டான். கம்ப்யூட்டரில் ஒரு சங்கம் கண்டுபிடித்தான். நாடு முழுக்க இருக்கிற கிழவன்கள் ஒன்றாகக் கூடி, எந்தச் சோப்பு எப்படி நுரைக்கிறது என்று விடிய விடியப் பேசுகிறார்கள். வேலையற்றதுகள்.

லின்சியோடு இன்னொருத்திக்கும் வேலை போனது. டச்சஸ். அவனுடைய வேட்டை நாய். ஒரு காது கிழிந்து, மார்பெல்லாம் பன்றியின் கோரைப்பல் கீறின தழும்பு. டச்சஸ் என்றால் சீமைப் பிரபுவின் பெண்டாட்டி; இவளோ ராணியே தான்தான் என்பது போல நடப்பாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை, உனக்கு ஓய்வு வேண்டுமா என்று. வண்டியில் துப்பாக்கி ஏறுவது நின்ற நாளிலிருந்து வராந்தா சோபாவில் படுத்தாள். குளிர்காலம் வந்ததும் எழுந்திருப்பதையே விட்டுவிட்டாள். பிறகு சாப்பாட்டையும் விட்டாள்.

மாட்டு டாக்டர் ஹேமிஷ் வந்து பார்த்தான்.

"ரத்தத்துல ஒரு கோளாறும் இல்ல கோரல்மா. வயசு. அதோட மனசும் விட்டுப் போச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். அப்பவும் எந்திரிக்கலேன்னா நீங்க அலைய வேணாம், நானே வீட்டுக்கு வந்துடறேன்."

எதற்கு வருவான் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. லின்சி எழுந்து உள்ளே போய்விட்டான்.

அந்த வாரம்தானா அந்தப் பெட்டி வந்து சேரவேண்டும்? சங்கத்தில் ஒரு வழக்கம். மூன்று வகைப் பிரஷ்களை ஒரு பெட்டியில் போட்டு ஊர் ஊராகத் தபாலில் சுற்ற விடுவார்கள். ஆளுக்கு ஒரு வாரம் தேய்த்துப் பார்த்துவிட்டு, கழுவி, அடுத்தவனுக்கு அனுப்பிவிடவேண்டும். பிடித்த வகை எதுவோ அதைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். எங்களுக்கு அடுத்து, எங்கள் மாநிலத்திலேயே இருக்கிற ரோமா என்ற ஊரில் கிளைவ் என்று ஒருத்தன் காத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை பேட்ஜர். நான் வாங்கியது போல அல்ல, இது உயர்ந்த ரகம், நுனியெல்லாம் வெள்ளி நிறம். குளியலறையிலிருந்து முனகல் கேட்டது. விழுந்துவிட்டானோ என்று ஓடினேன். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தான்.

"மேகம் கோரல், மேகம்!"

"அங்க நாய் சாகக் கிடக்குது. உனக்கு மேகம் கேக்குதா?"

அவன் கண்ணைத் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வெள்ளி நுனியைக் கத்தரித்திருப்பேன். ஆனால் கூடத்துக்கு வந்தால், வராந்தாவில் டச்சஸின் மூக்குக்கு முன்னால் ஒரு தட்டு இருந்தது. அதில் சூடு ஆறாத இறைச்சி சாசேஜ். நான் எழுவதற்கு முன்னாலேயே பொரித்து வைத்திருக்கிறான். அவள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

புதன்கிழமை நைலான் மாதிரி ஏதோ ஒன்று. உதறினால் காய்ந்துவிடும், முடி கொட்டாது, விலையும் சல்லிசு. "இதையே எடுத்துத் தொலை" என்றேன். "இதுக்கு உயிரே இல்ல" என்றான். அன்றைக்கு அவன் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். இரண்டு பேரும் வராந்தாவைப் பார்த்தோம்.

வியாழக்கிழமை பன்றி முடி. இத்தாலியில் செய்தது, துடைப்பக்கட்டை போல விறைப்பு. இதை முதலில் வெந்நீரில் நன்றாக ஊறவைக்க வேண்டுமாம். பழகப் பழகத்தான் மெத்தென்று ஆகுமாம். ரோஜாப்பூ போட்ட என் டீக் கோப்பையில் ஊறவைத்தான். வீட்டில் வேறு கோப்பையே இல்லை பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்றம் கிளம்பியது. மழையில் நனைந்த பன்றிக் கொட்டிலை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தது போல இருந்தது.

"யோவ் லின்சி! என்னத்தய்யா கொன்னு வெச்சிருக்க உள்ள?"

"புது முடி அப்படித்தான் வீசும். கொஞ்ச நாள்ல போயிடும்!"

குளியலறை ஜன்னல் வராந்தா பக்கம் திறக்கும். நான் அதைச் சாத்தப் போனபோது டச்சஸின் மூக்கு அசைவதைப் பார்த்தேன். பிறகு கிழியாத காது தூக்கிக்கொண்டது. பிறகு, நான் சத்தியமாகச் சொல்கிறேன், அவள் எழுந்தாள். நாலு காலும் வெடவெடவென்று நடுங்கின. சோபாவிலிருந்து இறங்கி, வலைக்கதவைத் தலையால் தள்ளிக்கொண்டு, என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தாண்டிப் போனாள். குளியலறை வாசலில் காலை அகட்டி நின்று குரைத்தாள். சாதாரணக் குரைப்பு இல்லை. காட்டில் பன்றியை மூலையில் மடக்கிவிட்டு, எசமான் வரும்வரை நிறுத்தி வைக்க வேட்டை நாய்கள் குரைக்குமே, அந்தக் குரைப்பு.

லின்சி இடுப்பில் துண்டோடு, பாதி முகத்தில் நுரையோடு, பிரஷைத் தூக்கிப் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றான்.

"கோரல்... பாரு கோரல். பன்னிய மடக்கிட்டா."

"எந்தப் பன்னிய? நுரை பூசின பன்னியவா?"

"சிரிக்க வெக்காத. நான் அசையக் கூடாது."

அவன் மெல்லக் கையை இறக்கினான். டச்சஸ் பிரஷை லபக்கென்று கவ்விக்கொண்டாள். "விடு" என்றான். விட்டாள். விட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். வேட்டை முடிந்ததும் கிடைக்கும் பங்கு எங்கே என்று கேட்கிற பார்வை அது. முழங்கால் போன மனுஷன் துண்டைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினான். அவன் கொண்டுவந்து வைத்த சாசேஜ் போன இடம் தெரியவில்லை. தட்டையும் நக்கினாள். லின்சி ஈரத்தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். நானும் உட்கார்ந்தேன். அழுததில் எனக்கொன்றும் வெட்கமில்லை. சந்தோஷமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஹேமிஷ் ஊசிப் பையோடு வந்தான், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. டச்சஸ் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பிரஷ் ஊறிக்கொண்டிருந்த என் ரோஜாப்பூக் கோப்பையை மடக்கிக் குரைத்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன மருந்து லின்சி?"

"இத்தாலி மருந்து."

பன்றி முடிப் பிரஷின் கைப்பிடியில் பல் பதிந்துவிட்டதால் அதைக் கிளைவுக்கு அனுப்ப முகமில்லை. சங்கத்துக்கு விலையைக் கட்டிவிட்டு லின்சியே வைத்துக்கொண்டான். அப்படித்தான் இரண்டாவது பிரஷ் முடிவானது. பெட்டியை ஒட்டுவதற்கு முன்னால் அந்த வெள்ளி நுனிக்காரியை எடுத்துக் கன்னத்தில் கடைசியாக ஒரு தடவை தடவிக்கொண்டான். பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற ஆள்.

"இதோட சரி. மூணாவதுன்னு ஒண்ணு இந்த வீட்டுக்குள்ள வந்துச்சோ, நான் டுவூம்பாவுல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்."

"எனக்கு எதுக்கு மூணாவது?" என்றான், நல்ல பிள்ளையாட்டம்.

அன்றிலிருந்து காலையில் ஒரே அமர்க்களம். லின்சி பிரஷை ஊறவைத்து எங்காவது ஒளித்து வைப்பான். வண்டிக்கு அடியில், விறகுக் குவியலில், ஒருநாள் என் தோட்டத்துக் காலணிக்குள். டச்சஸ் மோப்பம் பிடித்துப் போய் மடக்குவாள், சாசேஜ் வாங்கித் தின்பாள். பிறகு இவன் அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, அதே பிரஷால் முகத்துக்கு நுரை போடுவான். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. முத்தம் கொடுப்பதை மட்டும் மத்தியானத்துக்குத் தள்ளிவைத்தேன்.

வசந்தம் வந்தது. ஒருநாள் லின்சி முகமெல்லாம் மலர்ந்து வந்தான்.

"தொட்டுப் பாரு கோரல். நுனியெல்லாம் பிரிஞ்சு மெத்துனு ஆயிடுச்சு. நுரை அப்படியே வெண்ணெய்! இப்பத்தான் பழகி வந்திருக்கு."

தொட்டுப் பார்த்தேன். மெத்தென்றுதான் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது.

அன்று அவன் கோப்பையை விறகுக் குவியலில் வைத்துவிட்டு விசிலடித்தான். டச்சஸ் இறங்கி வந்தாள். கோப்பையை மோந்தாள், சுற்றி வந்தாள், இன்னொரு தடவை மோந்தாள். பிறகு திரும்பிப் போய் சோபாவில் ஏறிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் இறங்கவே இல்லை. அதற்கு மறுநாள் சாசேஜ் தட்டிலேயே கிடந்து ஈ மொய்த்தது.

லின்சி என்னிடம் புதுப் பிரஷ் கேட்கவில்லை. வாக்குக் கொடுத்தவன் எப்படிக் கேட்பான்? சவரம் கூடச் செய்யாமல், முள் முளைத்த தாடையோடு சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து அவள் காதைத் தடவிக்கொண்டே இருந்தான். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. மெல்பர்னில் இந்த வகைப் பிரஷ் விற்கிற கடைக்கு நானே போன் போட்டேன்.

"பன்றி முடிப் பிரஷ் வேணும்."

"அருமையான தேர்வு மேடம்! வாசனையைப் பத்திக் கவலையே வேண்டாம். நாங்க நல்லா ஊறவெச்சு, கழுவி, ஒரு துளி நாத்தம் இல்லாம..."

"கழுவாதே!"

"மேடம்?"

"கழுவினா திருப்பி அனுப்பிடுவேன். இருக்கறதுலயே நாத்தம் பிடிச்சதாப் பாத்து எடு. மூக்கை வெச்சுப் பாரு. உனக்குக் குமட்டணும்."

அந்தப் பக்கம் பெட்டிகளை இழுத்துத் திறக்கிற சத்தம் கேட்டது.

"சரி மேடம். ஒண்ணு போதுமா?"

வலைக்கதவு வழியாகப் பார்த்தேன். லின்சி காதைத் தீட்டிக்கொண்டு, திரும்பாமல் உட்கார்ந்திருந்தான். டச்சஸின் நரைத்த முகம் அவன் தொடைமேல் இருந்தது.

"உங்கிட்ட மொத்தம் எத்தனை இருக்கு?" என்று கேட்டேன்.