பட்டாணி நீட்டிய கை

அன்புள்ள அத்தானுக்கு,

நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன். அன்று நாங்கள் போன குழந்தைகள் டாக்டரின் அறையில் இருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால் டாக்டரம்மா. பக்கத்து முக்காலியில் என் மகள் பட்டாணி. எதிர் நாற்காலியில் நான். எடை மெஷினை ஒட்டி, பையும் கையுமாக இவர். நாற்காலி போதாமல், குழந்தைகளைப் படுக்கவைக்கும் கட்டிலில் உங்கள் மனைவி, என் அக்கா. "வீட்டுக்குள்ளயே குழந்தை டாக்டர் இருக்க, தெருத்தெருவா அலையிறீங்களே! அப்படி என்ன மேதாவின்னு நானும் பாக்கறேன்" என்று கூடவே கிளம்பி வந்தவள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டாணியைப் பிறந்ததிலிருந்து நீங்கள்தான் பார்க்கிறீர்கள். உங்கள் வீட்டு சோபாவில், டீக்கும் டிவிக்கும் நடுவே. கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று பள்ளியில் சொன்னபோதும், "திமிரு. அம்மா மாதிரியே!" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். போகப் போகச் சிரிப்பு வரவில்லை. உங்களுக்குத் தெரியாமல் இரண்டு டாக்டர்களிடம் காட்டினோம். "என்ன பண்ணுது கண்ணு?" என்று கேட்டால், "சரியாயிடுச்சு" என்பாள். இருவரும் நீங்கள் கொடுக்கும் அதே சளி மருந்தைத்தான் எழுதினார்கள். கால் கடுக்க நின்றதுதான் மிச்சம்.

இங்கேயும் "சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளங்கையை நீட்டினாள். வழக்கம்போல அந்தக் கையைத் தட்டிவிடப் போனேன்.

"இருங்க" என்ற டாக்டரம்மா, அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "சரியாயிடுச்சுன்னா யாரு என்ன தருவாங்க?"

"பெரியப்பா மிட்டாய் தருவாரு."

"வலிக்குதுன்னா?"

"ஊசி."

"அது சும்மா விளையாட்டுக்குச் சொல்றது" என்றாள் அக்கா. பிறகு அவளே கட்டிலிலிருந்து இறங்கி, கைப்பையைத் துழாவி, நீங்கள் வாங்கும் அதே மிட்டாயை எடுத்து பட்டாணியின் கையில் வைத்தாள். "இந்தாடி. வலிக்குதுன்னாலும் இது உனக்குத்தான்."

பட்டாணி மிட்டாயை மூடிய கையோடு வலது காதைத் தொட்டாள். "இது எப்பவும் தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி இருக்கு."

டாக்டரம்மா காதுக்குள் பார்த்தார்; நீர் கோத்திருக்கிறதாம். அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை. காது டாக்டரிடமும் காட்ட வேண்டும். பெரும்பாலும் சரியாகிவிடும், விட்டுவிடாமல் பார்க்க வேண்டும் என்றார். திமிர் இல்லை, அத்தான்.

மாடிப்படி இறங்கும்போது அக்கா சொன்னாள்: "போன்ல சொல்லாதடி. சிரிச்சே மழுப்பிடுவாரு. எழுதிப் போடு."

இனி பட்டாணியை அந்த டாக்டரம்மாவிடமே காட்டப் போகிறோம். உங்களுக்குக் கோபம் வரும். வந்தால் திட்டிவிடுங்கள், பதிலுக்குச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. வீட்டுக்கு வராதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளுக்குப் பெரியப்பா வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். மிட்டாய் வாங்கி வையுங்கள். எதுவும் கேட்காமல் கொடுங்கள்.

திரும்பப் படித்தால் கிழித்துவிடுவேன். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். படிக்காமலே உறையை ஒட்டி அவர் கையில் கொடுக்கிறேன்.