ஆற்றின் மேல் ஒரு துடைப்பம்

…இன்றைக்கும் நாலு விரல் குறைவு, நேற்றும் அதேதான், இந்த ஆறு வேண்டுமென்றே செய்கிறதா, ஒரு சாண் உறைந்தால் போதும், ஆட்கள் நடக்கலாம் என்று அறிவித்துவிடுவான், ஆற்றுப் பனிப்பாளத்தை அளந்து சொல்வது தொழிலான கவ்ரீல் கேட்பது ஒரு சாண்தான், வானத்தையா கேட்டான்… துளைக்கோலை உருவிவிட்டு, பனிப்பாளத்தில் விழுந்த ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தான். கறுப்புத் தண்ணீர், அதற்கு என்ன அவசரம். பெரிய படகைக் கரையேற்றியாயிற்று, காற்றுமெத்தைப் படகு விசிறி உடைந்து கிடக்கிறது, ஹெலிகாப்டர் மூடுபனி விலகட்டும் என்கிறது, பாலமோ ஒவ்வொரு தேர்தலிலும் கட்டப்பட்டு, தேர்தல் முடிந்ததும் கரைந்துவிடுகிறது. ஆறு உறையும் முன்பே பிள்ளைத்தாய்ச்சிகளை அக்கரை மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவது வழக்கம், மகள் சைனாவையும் அனுப்பியாயிற்று, அவள் புருஷன் வடக்கே சுரங்கத்தில், தாய் கல்லறையில், நேரம் வரும்போது அப்பா வாசலில் நிற்பேன் என்று வாக்குக் கொடுத்தது யார்… நேற்று மாலை போனில் வலியை விழுங்கிக்கொண்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “அப்பா, நடந்து வர முடியாதாப்பா?”

முடியும். அதுதான் வயிற்றெரிச்சல். ஓர் ஆளை இந்தப் பாளம் தாங்கும், ஆனால் ஊர் ஓர் ஆளாகவா போகும், பனிவண்டியும் மாவுமூட்டையும் மாடுமாக அல்லவா இறங்கும்? கவ்ரீலின் காலடி விழுந்த இடம் வழி என்று எல்லோருக்கும் தெரியும். சென்ற ஆண்டு கீழூரில் எவனோ போட்ட தடத்தை நம்பி வண்டியோடு உள்ளே போனவனை வசந்தத்தில்தான் எடுத்தார்கள்… அதனால்தான் தினமும் இரும்புக்கோலால் தட்டித் தட்டிப் போகிறான், தடத்துக்கு அப்பால் பனி மூடிய இடத்தில் நட்ட அளவுக்கம்பங்களின் அருகே துளைத்துப் பார்க்கிறான், திரும்பும்போது மிலார்க்குச்சித் துடைப்பத்தால் தன் காலடிகளை ஒன்றுவிடாமல் கூட்டி அழித்துக்கொண்டே பின்னோக்கி வருகிறான். நேற்று அக்கரைப் படித்துறை வரை போய்விட்டான். மருத்துவமனைப் புகைபோக்கி தெரிந்தது. கரையேறினால் கவ்ரீலே கடந்துவிட்டான் என்று ஊரே இறங்கிவிடும், சிலுவை போட்டுக்கொண்டு திரும்பினான், இது என்ன நியாயம் ஆண்டவரே என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை, பல்லைக் கடித்தபடி கூட்டினான். கடையில் அடுத்த வீட்டு வர்வாரா எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாளே, “கவ்ரீல் அண்ணே, நீ உத்தரவு கொடுத்தாத்தான் ஆறு உறையுமா? உன் துடைப்பத்துக்கு இருக்கிற சுறுசுறுப்பு உன் காலுக்கு இல்லையே?” அவளும் மனுஷிதானா, பெற்றவன் வயிறு என்ன பாடுபடும் என்று…

இதென்ன? கூட்டின இடத்தில் காலடி. கம்பளிப் பூட்ஸ், சின்னப் பாதம், பக்கத்தில் சறுக்குப்பலகை இழுத்த இரட்டைக் கோடு, அக்கரையைப் பார்த்துப் போகிறது, திரும்பின தடம் இல்லை. எந்தப் பாவி, இருட்டில், நடு ஆற்றில் நீரோட்டம் இன்னும்… ஓடினான், கோலால் தட்ட மறந்து ஓடினான். எதிரே மூடுபனிக்குள்ளிருந்து வெறும் சறுக்குப்பலகையை இழுத்துக்கொண்டு வர்வாரா வந்தாள், புருவமெல்லாம் உறைந்து வெள்ளையாக. அவன் கத்த வாயெடுத்தான்.

“திட்டறத அப்புறம் திட்டு அண்ணே. பேத்தி பொறந்திருக்கா. மூக்கு உன் மூக்குதான், பாவம்.”

கிண்ணத்தில் உறையவைத்த பால்வட்டுகள் கொண்டுபோனாளாம், பிள்ளை பெற்றவளுக்கு ஊர்ப்பால் வேண்டாமா என்றாள், விடிய விடிய சைனாவின் கையைப் பிடித்தபடி நின்றதைப் போகிற போக்கில் சொன்னாள். அவன் நிற்க வேண்டிய வாசலில் இவள் நின்றிருக்கிறாள். நன்றி சொல்ல வேண்டும், வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்திருந்தால் என்ன செய்வேன், எந்த தைரியத்தில் இறங்கினாய் என்று கேட்டான்.

“நீ கூட்டி வச்ச வழியிலதான் போனேன். இக்கரையிலிருந்து அக்கரை வரைக்கும் கோடு போட்ட மாதிரி கிடக்கே. எங்களுக்குத்தான் நீ போடுறேன்னு நெனச்சேன்.”

அவள் போய்விட்டாள். மாடு கறக்க நேரமாயிற்றாம். கவ்ரீல் துளைக்கோலைக் கூட்டின கோட்டின் மேலேயே ஊன்றிச் சுற்றினான், சுற்றினான், தண்ணீர் வரவில்லை, வந்தபோது ஒரு சாண் தாண்டியிருந்தது. பனிப்போர்வை விலகின இடத்தில் குளிர் நேராக இறங்கும், பாளம் தடிக்கும்… சின்னப் பிள்ளைக்குத் தெரியும் இது, தொழில்காரனான எனக்குத் தெரியாதா? அழிக்கிறேன் என்றுதானே கூட்டினேன், தினமும் அதே கோட்டில், அதே அகலத்தில், ஏன் கோணாமல், ஏன் அக்கரைப் படித்துறைக்கு நேராக… கைக்குத் தெரிந்ததை மனசுக்குச் சொல்லாமல் வைத்திருந்தாரா ஆண்டவர், இல்லை நான்தான்… எனக்காகவா, சைனாவுக்காகவா, வர்வாராவுக்காகவா? முகத்தில் ஏதோ சில்லென்று பட்டது, பனி விழத் தொடங்கியிருந்தது, கோட்டின் மேல், அவள் காலடிகளின் மேல், மெதுவாக. துடைப்பத்தை எடுத்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் கூட்டியாக வேண்டும், மறைக்கவா திறக்கவா என்று இத்தனை நாள் கேட்டுக்கொள்ளாதவன் இப்போது கேட்டுக்கொண்டு, அக்கரையைப் பார்த்து முன்னோக்கிக் கூட்டுவதா, வழக்கம்போல் பின்னோக்கிக் கூட்டுவதா என்று தெரியாமல் நின்றான்.